நம்ம லேப் லேசரும் என் கன்னமும்

நம்ம மெக்கானிக்கல் பிளாக்கோட கீழ்த்தளத்தில், ஃபேப்ரிகேஷன் லேபுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு நீலப் பெட்டி இருக்கும். சிம்போசியம் வந்தால் அதுக்கு ஓய்வே கிடையாது. ஐடி டேக், அக்ரிலிக் கீசெயின், ஸ்டால் பெயர்ப் பலகை எல்லாம் அதில்தான் வெட்டுவோம். அக்ரிலிக் வேகும்போது வருகிற அந்த இனிப்பான நாற்றம் உங்க சட்டையிலும் ஒரு தடவையாவது ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு லேசர். அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்.

அதே வாயு, அதே அலைநீளம், என் இரண்டு கன்னத்திலும் இதுவரை நான்கு தடவை பட்டிருக்கிறது.

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசித்தேன். நம்ம இதழில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஹாஸ்டல் மெஸ், பைக் டிரிப், இன்டர்ன்ஷிப் அனுபவம்னு போகும். ஒருத்தன் தன் மூஞ்சியைப் பற்றி எழுதினால் யார் படிப்பாங்கன்னு தோணுச்சு. ஆனால் மூணு வருஷத்தில் என்கிட்ட நேரடியாகவும், என் முதுகுக்குப் பின்னாலும் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "அவனுக்கு மூஞ்சியில என்ன?" என்பதுதான். மொத்தமா ஒரே தடவை பதில் சொல்லிவிடலாம் இல்லையா. இன்னொன்று, நான் பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம். தமிழில் நான் எழுதுகிற முதல் நீளமான விஷயம் இது. பேச்சும் எழுத்தும் கலந்துதான் வரும், பொறுத்துக்கோங்க.

என் கன்னத்தைப் பக்கத்தில் பார்த்தவங்களுக்குத் தெரியும். பருத் தழும்பு மாதிரி அங்கங்கே ஒரு குழி இல்லை. சின்னச் சின்னக் குழிகள், நடுவில் மெல்லிய மேடு, மறுபடி குழி. தேன்கூட்டை அமுக்கி வைத்த மாதிரி ஒரு வலை. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே வடிவம். காதுக்கு முன்னால் ஆரம்பித்து மூக்குக்கு ஒரு இஞ்ச் தள்ளி நின்றுவிடும். இதன் பெயர் அட்ரோஃபோடெர்மா வெர்மிகுலேட்டம். லத்தீனில் வெர்மிஸ் என்றால் புழு. புழு அரித்த தோல்னு அர்த்தம். பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் இல்லை பாருங்க. தேன்கூட்டுத் தோல்னு இன்னொரு பெயரும் புத்தகங்களில் இருக்கு. நான் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

இது அபூர்வமான வியாதி. தொற்றாது, உயிருக்கு ஆபத்து இல்லை, பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயசுக்குள் ஆரம்பிக்கும். முதலில் கன்னம் சிவந்து, முடிக்கால்களில் சொரசொரன்னு அடைப்பு வரும். அப்புறம் அந்த முடிக்கால்களைச் சுற்றி மெதுவா அழற்சி நடந்து, ஒவ்வொன்றாகச் சுருங்கிக் குழியாகிவிடும். பருவ வயசு தாண்டும்போது பெரும்பாலும் அதுவாக நின்றுவிடும். போன குழி மட்டும் திரும்பி வராது.

எனக்கு மூணாவது படிக்கும்போது ஆரம்பித்தது. அம்மா முதலில் வெயில்னு நினைத்தார். அப்புறம் பச்சை மஞ்சள், வசம்பு, கற்றாழை, சோற்றுக் கஞ்சி. தெருமுனை மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தாங்க, போட்டால் ஒரு வாரம் சிவப்பு குறையும், விட்டால் இரண்டு மடங்கு வரும். அது ஸ்டீராய்டு கலந்த களிம்புன்னு பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நம்ம ஊரில் முகத்துக்கு என்ன வந்தாலும் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கிற டியூப் பெரும்பாலும் இந்த ரகம்தான். உங்க வீட்டிலும் ஒன்று இருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்க. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு ஏதாவது போட்டிருந்தால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீங்க.

பத்தாவது படித்த வருஷம் 2019. ஜூலையில் சந்திரயான்-2 கிளம்பியது. என் பட்டப்பெயர் என்னவாக இருந்திருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. செப்டம்பரில் விக்ரம் லேண்டர் தொடர்பை இழந்த மறுநாள், பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "டேய், இங்கதான்டா எங்கயோ விழுந்து கிடக்கு, தேடுங்கடா"ன்னு என் கன்னத்தைக் காட்டினான். வகுப்பே சிரித்தது. ஜோக் என்கிற வகையில் நல்ல ஜோக்தான், டைமிங் கச்சிதம். அன்றைக்கு அப்படி ரசிக்க முடியவில்லை.

ஊரில் யாரும் அப்படிக் கேட்கமாட்டாங்க. அங்கே கேள்வியே வேற. "தம்பிக்கு சின்ன வயசுல அம்மை போட்டுச்சோ?" எங்க ஊர் விருதுநகர். பதிலையும் அவங்களே சொல்லிக்குவாங்க: "அப்பனுக்கும் அம்மை வடுதான, அவரு மொகமும் இப்பிடித்தான."

இங்கேதான் விஷயம் இருக்கு.

எங்க அப்பா ஒரு வத்தல் மண்டியில் முப்பது வருஷமா எடை பார்த்துக் கணக்கு எழுதுகிறார். அவர் முகமும் என் முகமும் ஒன்று. என்னுடையதைவிட ஆழமான குழிகள், வயசாக ஆக இன்னும் தொங்கிப்போன வலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அம்மை வடு. எங்க அப்பத்தா சொன்ன கதை இது: அப்பாவுக்கு ஏழெட்டு வயசில் கன்னம் இரண்டும் சிவந்து முத்து முத்தா வந்தது. ஆத்தா இறங்கியிருக்கான்னு வேப்பிலை கட்டி, தாளிக்காமல் சமைத்து, விருந்தாளியை வாசலோடு அனுப்பி, பராசக்தி மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டாங்க. பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பான்னு. பிள்ளை பிழைத்தார். எடுத்துக்கிட்டே இருக்கிறார். எங்க ஊர்ப் பங்குனிப் பொங்கலை நீங்க பார்த்திருக்கணும். காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோட, ஆயிரக்கணக்கில் சட்டி ஏந்தி வருவாங்க, தெரு முழுக்கப் புகையும் வேப்பிலை வாசமும்.

செகண்ட் இயர் ஜனவரியில்தான் எனக்கு நோயின் பெயர் தெரிந்தது. அதற்கு முன் ஒரு கிளினிக்கில் ஒரு வருஷம் பருவுக்கு மருந்து சாப்பிட்டேன். எனக்குப் பருவே வந்ததில்லைன்னு சொன்னேன், "வந்து போயிருக்கும்"னு சொன்னாங்க. அப்புறம் ஒரு அரசு மருத்துவமனையின் தோல் ஓபிக்குப் போனோம். நாங்க என்றால் நானும் அப்பாவும். மண்டிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். காலை ஏழு மணிக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு ஒரு பிஜி டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவங்களா இருப்பாங்க. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து என் கன்னத்தைப் பார்த்தாங்க. எப்ப ஆரம்பிச்சது, முதல்ல சிவப்பா இருந்துச்சா, புருவத்துல முடி கொட்டுச்சான்னு கேட்டாங்க. அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"ஐயா, நீங்க கொஞ்சம் இங்க உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம், பையனுக்குத்தான்."

"பரவால்ல, உக்காருங்க."

அதே டார்ச், அதே கோணம். அப்பா கண்ணை மூடிக்கிட்டார். அம்பத்தோரு வயசில் அவர் முகத்தை முதல் தடவையா ஒருத்தர் வியாதியாப் பார்க்கிறார். டாக்டர் எழுந்து போய் அவங்க பெரிய டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க, அவர் இன்னும் நாலு மாணவர்களை. நாங்க ரெண்டு பேரும் ஸ்டூலில் பக்கத்து பக்கத்தில், மியூசியம் பொம்மை மாதிரி. சில குடும்பங்களில் இது அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு நேரடியா இறங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு பெரிய டாக்டர் விளக்கினார். என் கன்னத்தில் நாலு மில்லிமீட்டர் தோலை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க. அகன்றுபோன முடிக்கால்கள், உள்ளே கெரட்டின் அடைப்பு, சுற்றிலும் இறுகிய கொலாஜன்னு இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பொருந்தியது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டே வந்தார். கள்ளிக்குடி தாண்டும்போது கேட்டார்: "அப்ப ஆத்தா வரவே இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் மண்டைக்குள் கணக்கு ஓடிக்கிட்டிருந்தது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம். உலகத்திலேயே பெரியம்மை ஒழிந்துவிட்டதுன்னு உலக சுகாதாரச் சபை அறிவித்தது 1980 மே 8. அப்பா பிறந்தது 1973. கன்னம் சிவந்தது ஏழெட்டு வயசில் என்றால் 1980, 81. அவருக்கு வந்திருக்க வேண்டிய பெரியம்மை அப்போ இந்த நாட்டிலேயே கிடையாது. சின்னம்மை வடு விடும்தான், ஆனால் ரெண்டு கன்னத்தில் மட்டும் வலை பின்னாது. நாற்பது வருஷமா எல்லாரும் பார்த்த முகம். யாருக்கும் இந்தக் கழித்தல் தோணவில்லை. தோணியிருக்கவும் வேண்டாம். எங்க பக்கத்தில் குழி விழுந்த முகத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, அந்த அர்த்தத்தில் ஒரு மரியாதையும் இருந்தது. ஆத்தா பார்த்துட்டுப் போன முகம். அதை எடுத்துவிட்டு அவர் கையில் நான் ஒரு லத்தீன் புழுவைக் கொடுக்கிறேன்.

சரி, லேசருக்கு வர்றேன். இது நம்ம ஏரியா.

1960இல் மெய்மன் முதல் லேசரை உருவாக்கினார், ரூபி லேசர். கார்பன் டை ஆக்ஸைடு லேசரை உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிராவின் பாராமதிக்காரர், புனே இன்ஜினியரிங் காலேஜில் பிஇ படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1964இல் பெல் லேப்ஸில் இதைச் செய்தார், வயசு இருபத்தாறு. (இதைப் படிக்கிற ஃபைனல் இயர் மக்களே, இன்னும் ஐந்து வருஷம் இருக்கு.) இந்த 10,600 நானோமீட்டர் கதிருக்கு ஒரு குணம்: தண்ணீரைக் கண்டால் விடாது. சில பத்து மைக்ரான் ஆழத்துக்குள் மொத்தச் சக்தியும் உறிஞ்சப்பட்டுவிடும். நம்ம தோலில் முக்கால்வாசி தண்ணீர். கதிர் பட்ட இடத்தில் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும், தோலும் கூடவே போகும்.

அப்போ அக்ரிலிக் மாதிரி கன்னம் வெட்டுப்படாதா? இங்கேதான் நேரம் வருகிறது. லேப் லேசர் விடாமல் எரியும், அக்ரிலிக்கின் ஓரம் உருகிப் பளபளன்னு ஆகும். தோலில் அப்படி உருகினால் அது தீக்காயம். பாஸ்டனில் ஆண்டர்சன், பாரிஷ்னு இரண்டு டாக்டர்கள் 1983இல் ஒரு கொள்கையைச் சொன்னாங்க. எதை அழிக்கணுமோ அது மட்டும் உறிஞ்சுகிற அலைநீளத்தை எடு. அந்தச் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவ எடுக்கிற நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் துடிப்பை முடித்துவிடு. தேர்டு செமஸ்டர் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் நிலையற்ற வெப்பக் கடத்தல்னு ஒரு யூனிட்டை சாய்ஸில் விட்டோமே, அதேதான். கார்பன் டை ஆக்ஸைடு லேசருக்கு அந்த நேரம் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு.

இதுவும் போதவில்லை. தொண்ணூறுகளில் இந்த லேசரை வைத்து முகத்தின் மேல்தோலை மொத்தமாகச் சீவி எடுத்தாங்க. தழும்புக்கு நல்ல பலன், ஆனால் வாரக்கணக்கில் முகம் பச்சைப் புண். நம்ம மாதிரி நிறத்தோலில் கறுத்துப்போகும், இல்லைன்னா வெளுத்துப்போகும். 2004இல் அதே பாஸ்டன் குழுவிலிருந்து இன்னொரு யோசனை வந்தது. முழுசா எரிக்காதே, புள்ளி புள்ளியா எரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தலைமுடி தடிமன், ஆனால் தோலுக்குள் ஆழமா இறங்கும். புள்ளிகளுக்கு நடுவில் தொடாத நல்ல தோல். அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து ஓட்டையை ஓரிரு நாளில் மூடிவிடும். உள்ளே சூடுபட்ட கொலாஜன் சுருங்கி, அடுத்த சில மாசத்துக்குப் புதுசா உருவாகும். குழி மேலே எழும்பும். எங்க அம்மாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: கோலம் போடுகிற மாதிரி, புள்ளி வைப்பாங்க, கோட்டைத் தோலே போட்டுக்கும்.

சிவப்பா இருக்கிற ஆரம்பக் கட்டத்தில் வந்திருந்தால் வேற லேசர். 595 நானோமீட்டர் டை லேசர், அது ரத்தத்தின் சிவப்பைப் பிடிக்கும். எனக்கு அந்தக் கட்டம் எப்பவோ முடிந்திருந்தது. அழற்சி அணைந்துவிட்டதுன்னு உறுதியாகத் தெரிந்தபிறகுதான் குழிக்கு வேலை செய்யணும்னு டாக்டர் சொன்னார். எரிகிற வீட்டுக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?

ஒரு தடவைக்கு ஏழாயிரம். இன்சூரன்ஸில் கேட்டோம், "அழகு சிகிச்சை"ன்னு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாங்க. அழகுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒரு வியாதியால் வந்த குழியை நிரப்புவதும், இல்லாத டிம்பிளை உண்டாக்குவதும் ஒரே கணக்கா? அப்பா மண்டியில் முன்பணம் வாங்கினார். நான் ஜூனியர்களுக்குக் கேட் டிராயிங் சொல்லிக்கொடுத்து மிச்சம் பிடித்தேன். மதுரையில் ஒரு கிளினிக், அரசு மருத்துவமனை டாக்டரே கை காட்டிய இடம்.

முதல் தடவை, தேர்டு இயர் ஜூலை. மரத்துப்போகிற க்ரீமைத் தடவி, மேலே சப்பாத்தி சுற்றுகிற மாதிரி பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு மணி நேரம் உட்கார வைத்தாங்க. எதிரே கல்யாணப் பொண்ணு ஒருத்தி அதே கோலத்தில். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கப் பார்த்தோம், வாய் வரவில்லை. அப்புறம் கண்ணுக்கு மூடி. அதுக்கு முன்னாலேயே காதுக்குக் கீழே கால் ரூபாய் அளவு இடத்தில் சோதனைக்கு அடித்துப் பார்த்து, ஒரு மாசம் காத்திருந்து, கறுக்கவில்லைன்னு உறுதி செய்துகொண்டுதான் கன்னத்துக்கு வந்தாங்க.

வலியைப் பற்றி எல்லாரும் கேட்கிறீங்க. ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரின்னு எழுதியிருப்பாங்க. என்னைக் கேட்டால், கம்பி மத்தாப்புப் பொறி நூறு சேர்ந்து ஒரே இடத்தில் விழுந்த மாதிரி. காதோரம் மோசம், கன்னத்தின் நடுவில் பரவாயில்லை. ட்ரிக், ட்ரிக்னு சத்தம், புகையை உறிஞ்சுகிற குழாயின் இரைச்சல். வலியைவிட என்னை உலுக்கியது நாற்றம். முடி கருகுகிற வாசனை, அது நம்ம மேலேயிருந்தே வருகிறதுன்னு மூளைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆகிறது. பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி முகம் பன்னு மாதிரி வீங்கி, மூணாம் நாள் மிளகாய் விதையைத் தூவின மாதிரி காப்பிப்பொடி நிறத்தில் வரிசை வரிசையா புள்ளிப் பொருக்கு. ஆறாம் நாள் தானா உதிர்ந்தது. பிய்க்கக்கூடாது, ஷேவ் கூடாது, வெயில் கூடாது, வாஸ்லின் போட்டுக்கிட்டே இருக்கணும். அந்த வாரம் வீட்டில் இருந்தும் மண்டிப் பக்கம் போகவில்லை. வத்தல் நெடி காற்றில் இருந்தாலே போதும், கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அப்பா சாயங்காலம் வந்தால் தெருக்குழாயிலேயே குளித்து, சட்டையை வெளியே போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இரண்டாவது செப்டம்பரில். பொருக்கு உதிர்ந்தபிறகு இரண்டு கன்னத்திலும் பழுப்பு நிறத்தில் புள்ளிக்கோலம் அப்படியே தங்கிவிட்டது. கிளாஸில் வந்து உட்கார்ந்தால் கிராஃப் ஷீட். நம்ம தோல் நிறத்துக்கு இது அடிக்கடி நடக்கிற பக்கவிளைவு. சூட்டைப் பார்த்தால் மெலனின் செல்கள் பதறிப்போய் நிறமியைக் கொட்டிவிடும். தோல் வகையைப் பிரிக்க டாக்டர்கள் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்னு ஒன்று வைத்திருக்காங்க. 1975இல் வெள்ளைத்தோல்காரங்களுக்குக் கதிர் சிகிச்சையின் அளவை முடிவு செய்ய உண்டானது. நம்ம பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவதா அப்புறமாத்தான் சேர்க்கப்பட்டன. டாக்டர் நிறுத்தி வைத்தார். நான்கு மாசம் சன்ஸ்க்ரீன், நிறம் குறைக்கிற க்ரீம், காத்திருப்பு. ஜனவரியில் மூன்றாவது தடவை, புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்து. ஜூனில் நான்காவது. கறுக்கவில்லை.

பலன் என்னன்னு கேட்பீங்க. குழி போகவில்லை. ஆழம் குறைந்திருக்கிறது, ஓரம் மழுங்கியிருக்கிறது. மெட்ராலஜி லேபில் ஊசி ஓடவிட்டு சர்ஃபேஸ் ரஃப்னஸ் பார்ப்போமே, என் கன்னத்தை அதில் வைத்தால் எண் இறங்கியிருக்கும், பூஜ்யம் ஆகியிருக்காது. இதில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லியே ஆகணும். குழியை நம்ம கண் குழியாப் பார்ப்பதில்லை, நிழலாகப் பார்க்கிறது. வெளிச்சம் நேர் முன்னாலிருந்து வந்தால் நிழலே இல்லை, முகம் வழவழ. பக்கவாட்டில் இருந்து சாய்ந்து வந்தால் ஒவ்வொரு குழியும் கத்தும். லேசர் விளம்பரங்களில் முன்-பின் படங்களைப் பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. இரண்டு படத்திலும் ஒரே பக்கம் விழவில்லைன்னா அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். எங்க டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, தரையில் டேப் ஒட்டிய ஒரே இடத்தில் வைத்துப் படம் எடுத்தார். அந்த டேப்பைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இதே அறிவைப் பிளேஸ்மென்ட் ஆன்லைன் இன்டர்வியூவில் நானும் பயன்படுத்தினேன், ஜன்னலுக்கு நேர் எதிரே லேப்டாப்பை வைத்து. வேலை கிடைத்தது. வெளிச்சத்தால் இல்லை, டிசைன் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னேன். ஆனால் பதில் சொல்லும்போது என் மூஞ்சி எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அதுக்கு முன்னால் அப்படி ஒரு முப்பது நிமிஷம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

அப்பாவுக்கும் செய்யலாம்னு டாக்டர் சொன்னார். வயசு தடையில்லை, பலன் கொஞ்சம் குறைவா இருக்கும்னார். அப்பா சிரித்துவிட்டார். "எனக்கெதுக்கு சார். இந்த மொகத்தப் பாத்துத்தான் மண்டியில மூட்டைய நம்பி எறக்கிட்டுப் போறாங்க. மொகம் மாறிட்டா கணக்கு மாறிப்போச்சும்பாங்க." டாக்டரும் சிரித்தார். வெளியே வந்து பைக்கில் ஏறும்போது, "ஒனக்கு வேணும்டா, நீ வெளியூர் போறவன்"னார்.

பயாப்சி முடிந்த அந்தப் பங்குனியில் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். கொடியேறிய அன்றைக்கு அவர் பாட்டுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கிட்டு வந்தார். அம்மாதான் மெதுவா, "அதான் அம்மை இல்லைன்னுட்டாங்களே"ன்னு ஆரம்பித்தாங்க. "அது டாக்டர் சொன்னது. இது எங்காத்தா சாமிகிட்ட குடுத்த வாக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு"ன்னு சொல்லிவிட்டுச் சட்டிக்கு வேப்பிலை ஒடிக்கப் போனார். எனக்கு அந்தப் பதில் இன்னைக்கும் முழுசாப் புரியவில்லை. பஸ்ஸில் அப்படிக் கேட்டவர் இவர்தானான்னு இருந்தது.

போன தை மாசம் ஒரு கல்யாண வீட்டில் தூரத்து அத்தை ஒருத்தர் என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு மருமகனே, தெளிஞ்சிருச்சு"ன்னவர், கையை எடுக்கும்போது, "ஆனா அப்பன் சாடை கொறஞ்சு போச்சுப்பா"ன்னார். பந்தியில் எதிர்வரிசையில் அப்பா. ட்யூப்லைட் அவர் தலைக்கு மேலே சாய்வா இருந்தது. ஒவ்வொரு குழியும் தெரிந்தது. நான் கொஞ்சம் அவசரமாவே சாப்பிட்டு எழுந்தேன்.

ஒருநாள் எனக்கும் பிள்ளை பிறந்தால் பாதிக்குப் பாதி. லேசர் கன்னத்தைத்தான் தொடும், அந்தக் கணக்கைத் தொடாது. ஆனால் மூணாவது படிக்கிற பிள்ளையின் கன்னம் சிவக்கும்போது மெடிக்கல் டியூபில் ஆரம்பிக்காமல் நேரா தோல் டாக்டரிடம் கூட்டிப்போக எனக்குத் தெரியும். அப்பத்தாவுக்கு அது தெரிய வழியே இல்லை. அவங்களுக்குத் தெரிந்ததை அவங்க முழுசாச் செஞ்சாங்க.

ஐந்தாவது தடவைக்கு டாக்டர் தேதி கொடுத்திருந்தார், பங்குனியில். இதுக்கு மேல் கிடைக்கிற பலன் ஒவ்வொரு தடவையும் குறைந்துக்கிட்டே போகும், ஜூலையில் வேலைக்குப் போவதற்குள் முடிக்கணும்னா இதுதான் சரியான நேரம்னு சொன்னார். லேசர் பட்டால் குறைந்தது ஒரு வாரம் வெயிலும் புகையும் ஆகாது. அந்த வாரம்தான் தீச்சட்டி. அப்பாவுக்கு இப்போ முழங்கால் வலி. சட்டியோட நடக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் தண்ணிக்குடத்தோட கூடவே வரணும். நேற்று கிளினிக்குக்குப் போன் போட்டுத் தேதியைச் சித்திரைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ரிசப்ஷன் அக்கா காரணம் கேட்டாங்க. ஊர்ல பொங்கல்னு சொன்னேன்.